மோப்பம் பிடிக்கும் பன்றி

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. ஸ்லாமர் என்ற கணினிப் புழு இணையத்தில் இறங்கியது. அதன் மொத்த நீளமே 376 பைட்தான். இந்தப் பத்தியைக் கணினியில் சேமித்தால் அதைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை அது இரட்டிப்பானது. தொற்றக்கூடிய கணினிகள் உலகில் எத்தனை இருந்தனவோ அவற்றில் 90 சதவீதம் பத்தே நிமிடத்தில் விழுந்தன. தென்கொரியாவில் இணையம் ஸ்தம்பித்தது. அமெரிக்காவில் பல ஏடிஎம்கள் பணம் தரவில்லை.

இந்தப் புழுவை அடையாளம் காண 'ஸ்னார்ட்' என்ற மென்பொருளுக்கு ஒரே ஒரு விதி போதுமாக இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: யூடிபி முறையில் 1434-ஆம் போர்ட்டுக்கு ஒரு தரவுப் பாக்கெட் வருகிறது, அதன் முதல் பைட் 04, உள்ளே குறிப்பிட்ட ஒன்பது பைட்டுகள் வரிசையாக இருக்கின்றன, 'சாக்', 'சென்ட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் இருக்கின்றன. எல்லாம் பொருந்தினால் மணி அடி. மணி ஏன் அடித்தது என்று கேட்பவர், அந்த விதியைத் திறந்து தானே படித்துக்கொள்ளலாம். பாதுகாப்பு மென்பொருள் என்றாலே பூட்டிய பெட்டி என்றிருந்த காலத்தில் இது பெரிய விஷயம். ஸ்னார்ட்டைச் சுற்றி எழுந்த சோர்ஸ்ஃபயர் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மார்ட்டின் ரோஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் கேபிள் இணைப்பில் என்னதான் ஓடுகிறது என்று பார்க்க 1998-இல் ஒரு சின்ன நிரல் எழுதினார். அந்த டிசம்பர் 22 அன்று அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். அப்போது அது இரண்டே கோப்பு, சுமார் 1,600 வரி. விதிகளை வைத்துத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் திறன் அடுத்த மாதமே சேர்ந்தது. ஸ்னார்ட் என்பது பன்றி மூக்கால் எழுப்பும் ஒலி. அதனால் பெரிய மூக்குள்ள பன்றியே அதன் சின்னமானது.

ஃபயர்வால் இருக்கும்போது இது எதற்கு? ஃபயர்வால் வாசல் காவலர் மாதிரி. எங்கிருந்து வருகிறாய், எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டு உள்ளே விடுவதே அதன் அடிப்படை வேலை. தோளில் இருக்கும் மூட்டையைப் பிரித்து மோந்து பார்ப்பது ஸ்னார்ட்.

மூட்டையைப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விதிகள் பத்து இருக்கும்வரை ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். ஆயிரக்கணக்கில் பெருகியபின் ஒவ்வொரு பாக்கெட்டையும் அத்தனை முறை புரட்டினால் கணினி மூச்சு வாங்கும். இதற்கான விடை 1975-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆல்ஃப்ரெட் ஏஹோ, மார்கரெட் கோராசிக் இருவரும் வகுத்த வழிமுறை அது. தேட வேண்டிய சொற்கள் 'மரகதம்', 'கதவு' என்று வைத்துக்கொள்வோம். ம, ர, க, த என்று படித்து வருகிறோம். அடுத்து 'ம்' வர வேண்டிய இடத்தில் 'வு' வந்துவிட்டது. பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. கடைசியாகப் படித்த 'கத' என்பது 'கதவு' என்ற சொல்லின் தொடக்கம் என்பது முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிளைக்குத் தாவி, வந்த 'வு'-வைச் சேர்த்தால் கதவு கிடைத்துவிட்டது. இப்படி ஒரே ஓட்டத்தில், பின்வாங்காமல், எத்தனை ஆயிரம் சொற்களையும் தேடலாம். ஸ்னார்ட்டின் பிற்காலப் பதிப்புகள் இந்த வழிமுறையைத்தான் கையாண்டன. கால் நூற்றாண்டு பழைய கணிதம் புழுக்களைப் பிடிக்க உதவியதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

2001-இல் ரோஷ் சோர்ஸ்ஃபயரைத் தொடங்கினார். மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில் அலுவலகம். இலவசமாகக் கிடைக்கும் பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பெரிய நிறுவனங்களுக்கு நிரல் மட்டும் போதவில்லை. நிறுவித் தயாராக வரும் கருவியும், பல இடங்களிலிருந்து வரும் எச்சரிக்கைகளை ஒரே திரையில் காட்டும் வசதியும் வேண்டியிருந்தன. 2005-இல் இன்னொரு மாற்றம். தன் ஆய்வுக்குழு எழுதும் புதிய விதிகளைச் சந்தாதாரர்களுக்கு உடனே தந்தது நிறுவனம். மற்றவர்கள் காத்திருந்து இலவசமாகப் பெறலாம். அந்தக் காத்திருப்பு பின்னர் 30 நாள் என்று நிலைத்தது. இலவசத்துக்குப் பழகியவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது. இரவு பகலாக விதி எழுதுபவர்களுக்குச் சம்பளம் வேண்டும், நிரலும் திறந்தே இருக்க வேண்டும் என்றால் விற்பதற்கு மிஞ்சுவது நேரம்தான்.

அதே 2005 அக்டோபரில் இஸ்ரேலின் செக் பாயின்ட் நிறுவனம் 22.5 கோடி டாலருக்குச் சோர்ஸ்ஃபயரை வாங்க முன்வந்தது. அது வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போவதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் எஃப்பிஐயும் ஆட்சேபித்தன. 2006 மார்ச்சில் பேச்சு முறிந்தது. ஸ்னார்ட்டின் நிரல் உலகத்துக்கே திறந்து கிடந்ததுதானே, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். விதியை எழுதுபவர், எந்தத் தாக்குதலுக்கு விதி எழுதாமல் விடுவது என்பதையும் தீர்மானிக்க முடியும்.

விற்பனை முறிந்தது சோர்ஸ்ஃபயருக்கு நல்லதாகவே முடிந்தது. 2007-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு கிளாம்ஏவி என்ற திறந்த மூல வைரஸ் தடுப்பு மென்பொருளை வாங்கியது. 2008-இல் பராக்குடா நிறுவனம் 18.7 கோடி டாலர் தருவதாகக் கேட்டதற்கு முடியாது என்றது. 2012-இல் வருமானம் சுமார் 22.3 கோடி டாலர். 2013-இல் சிஸ்கோ அதை 270 கோடி டாலருக்கு வாங்கியது. செக் பாயின்ட் பேசிய விலையைப்போல் 12 மடங்கு.

பன்றியின் மூக்குக்கும் எல்லை உண்டு. இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டே ஓடுகிறது. வழியில் அதைப் பிரிக்காவிட்டால் உள்ளே இருப்பதை மோந்து பார்க்க முடியாது. சூரிகாட்டா போன்ற போட்டி மென்பொருள்களும் 2010 முதல் வந்துவிட்டன. ஸ்னார்ட்டும் நிற்கவில்லை, அடியோடு திருத்தி எழுதிய மூன்றாம் பதிப்பு 2021-இல் வெளியானது.

அது இன்றும் இலவசம். கணினி படிக்கும் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, சொந்த வீட்டு இணைப்பில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு விதிக் கோப்பைத் திறந்து நான்கு விதிகளையாவது வரிவரியாகப் படியுங்கள்.