சிப்பிப்பாறை வாங்கப் போறீங்களா? முதல்ல ஓட இடம் இருக்கான்னு பாருங்க!

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் சாலையில் கண்ணில் படுவது பெரும்பாலும் கரிசல் காடுதான். கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம், அங்கங்கே கருவேல முள். இந்த வெட்டவெளியில் முயலைத் துரத்திப் பிடிக்க உருவான நாய்தான் சிப்பிப்பாறை. அந்தப் பெயர்கொண்ட கிராமமும் இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் 'பாயின்டர்' என்ற வேட்டைநாய் உண்டு. அதில் ஒரு வகைக்குக் கம்பி போல விறைத்த முடி. குளிரையும் முட்புதரையும் தாங்க அந்த ரோமம் வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை. சிப்பிப்பாறைக்கும் அதன் உறவான கன்னிக்கும் உடம்போடு ஒட்டிய குட்டை முடிதான். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஆனால் உண்ணி ஒளிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். காது மடல், விரல் இடுக்கு இரண்டையும் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் உயிரையே எடுத்துவிடும்.

நீண்ட முகம், ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு. விலா எலும்பு லேசாகத் தெரியும். விருந்தாளிகள் பார்த்து, "ஏன் நாயைப் பட்டினி போடுறீங்க?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்! இந்த இனத்தின் உடல்வாகே அதுதான். கொழுகொழுவென்று ஆக்கினால் மூட்டுதான் பாழாகும். கிராமத்தில் கம்பங்கூழும் மோரும் தின்றே வளர்ந்தவை இவை. இன்று அதோடு முட்டையோ வேகவைத்த கறியோ சேர்த்தால் நல்லது. வயிறு முட்டத் தின்றதும் ஓடவிடக் கூடாது.

2005-ல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் இடம்பிடித்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பேசினார். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் பெருமைக்காக வாங்கி, அடுக்குமாடி பால்கனியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவதைவிட இந்த நாய்க்குப் பெரிய தண்டனை கிடையாது. ஓட்டம் கிடைக்காவிட்டால் அது குரைக்கும், செருப்பைக் கடிக்கும், கதவைப் பிறாண்டும். அதைத் திமிர் என்பார்கள். உண்மையில் அது அடைபட்ட ஏக்கம்.

முயல் வேட்டைக்கு இன்று இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். எனவே வேட்டை இல்லாமலே ஓட்டம் கொடுக்க வேண்டும். வேலி போட்ட தோப்போ மைதானமோ இருந்தால், வெயில் ஏறுமுன் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய். தூரத்தில் ஆட்டுக்குட்டி துள்ளினாலும் பாய்ந்துவிடும். அப்போது எஜமான் கத்துவது காதில் ஏறாது. கழுத்தைவிடத் தலை ஒடுங்கியது என்பதால் சாதாரண பெல்ட்டை எளிதாக உருவிக்கொள்ளும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான் பாதுகாப்பு.

வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்குபவர்கள் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு அதிகம். அதே போல, அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்குமுன் "இது சிப்பிப்பாறை" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கொழுப்பில்லாத உடம்பு என்பதால் சில மயக்க மருந்துகள் இத்தகைய நாய்களுக்குச் சீக்கிரம் இறங்காது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, பிறகு வருடம் தவறாமல்.

பட்டாசுப் பிழைப்பு நடக்கும் ஊர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். தீபாவளி என்றில்லை, கல்யாணம், கோயில் கொடை எதற்கும் சரவெடிதான். மிரண்ட சிப்பிப்பாறை ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆளில்லை, நான்குவழிச் சாலையில் போய்த்தான் நிற்கும். வெடி தொடங்குமுன்பே ஓட்டத்தை முடித்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் விடுங்கள். மின்விசிறியோ டிவியோ ஓடட்டும். கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள், பக்கத்தில் தண்ணீர் மட்டும் வையுங்கள். வெடி அடங்கியதும் தானே வரும்.