மாசிக் கருவாட்டில் ஜப்பான் சூப்பு!
தாராவிச் சமையலறையில் செய்து பார்க்கலாம்

மும்பையில் ஜப்பான் சாப்பாடு என்றால், அது நட்சத்திர ஓட்டல் சங்கதி என்றே பலரும் நினைக்கிறார்கள். நினைப்பதிலும் தவறில்லை. கொலாபா தாஜ்மகால் ஓட்டலில் 2004-ம் ஆண்டு ஜப்பானிய உணவகம் ஒன்று திறக்கப்பட்டது. அதுபோன்ற இடத்தில் ஒரு வேளை சாப்பிடும் செலவு, தாராவியில் தையல் எந்திரம் மிதிப்பவருக்குப் பல நாள் கூலி.

ஆனால் ஜப்பானியர் தங்கள் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவது வேறு. சோறு, சூடாக ஒரு சூப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், கூடவே கொஞ்சம் மீனோ காயோ. அவ்வளவுதான்.

அந்தச் சூப்புக்கு உயிர் கொடுக்கும் பொருள் தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மாசிக் கருவாட்டின் உடன்பிறப்புதான் அது.

ஒரே மீன்

மாலத்தீவிலும், லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் சூரை மீனைத் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். பிறகு புகை காட்டி, வெயிலில் காய வைப்பார்கள். கட்டை போல் இறுகிவிடும். அதுதான் மாசி. இலங்கையில் சம்பல் இடிப்பவர்களுக்கு மாசி இல்லாமல் கை ஓடாது.

ஜப்பானியர் எடுப்பதும் சூரை மீன்தான். உப்புச் சேர்க்காமல் வேகவைத்து, மறுபடி மறுபடி புகை காட்டுகிறார்கள். உயர்ந்த ரகத்தில் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். இதற்குப் பெயர் 'கட்சுவோபுஷி'. தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டியில் பொருத்தியது போன்ற ஒரு கருவியில் இதைத் தேய்த்தால், மரச்சீவல் போலச் சுருள் சுருளாக விழும்.

இதன் ருசிக்குக் காரணம் என்ன என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்கள். இகேடா என்பவர் 1908-ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து ஒரு ருசிப்பொருளைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது 'அஜினமோட்டோ' என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. கோடாமா என்பவர் 1913-ல் இந்தக் கருவாட்டிலும் வேறொரு ருசிப்பொருள் இருப்பதைக் கண்டார். ஆகவே மாசி கையில் இருக்கும்போது, அஜினமோட்டோ பொட்டலத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை.

மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கருவாடு என்றாலே மூக்கைப் பொத்துகிறார்கள். அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பதும் உண்டு. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த மாசி, பொட்டலம் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. ஜப்பானிலோ இந்தக் கருவாட்டைக் கல்யாணப் பரிசாகவே கொடுக்கும் வழக்கம் உண்டு!

செய்யும் விதம்

நான்கு டம்ளர் தண்ணீருக்கு உள்ளங்கை அளவு மாசித் துண்டு ஒன்று போதும். அதைக் கழுவித் துடைத்து, கத்தியால் எவ்வளவு மெல்லிதாக முடியுமோ அவ்வளவு மெல்லிதாகச் சீவ வேண்டும். சீவ வராவிட்டால் அம்மியில் வைத்து நொறுக்கலாம். பொடியாக்கிவிடக் கூடாது, சாறு கலங்கிவிடும்.

தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து மாசியைப் போட்டு, பத்து நிமிடம் விட்டு இறக்குங்கள். மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கவிச்சி இறங்கும். வறுக்கும்போது தெருவையே கூட்டும் வாசனை இதில் வராது. லேசான புகை வாசனைதான்.

வடிகட்டிய சாறு மீண்டும் கொதிக்கும்போது, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் விடவும். ஒரு மேசைக்கரண்டி மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றவும். சாறு சற்றுக் கெட்டியானதும், அடித்து வைத்த முட்டையை நூல் போல ஊற்றி, உடனே அடுப்பை அணைத்துவிடவும். மேலே வெங்காயத்தாள் தூவலாம்.

உப்பு? ருசி பார்க்காமல் போடவே கூடாது. மாசியிலும் உப்பு, சோயா சாஸிலும் உப்பு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு குடிப்பது நல்லது.

சைவக் குடும்பங்கள் மாசிக்குப் பதில் உலர்ந்த காளானை ஊறவைத்த தண்ணீரில் இதைச் செய்யலாம். முட்டைக்குப் பதில் கீரை. ஜப்பானில் புத்த மடங்களின் சைவச் சமையலிலும் காளான் சாறு உண்டு.

வடிக்கக் கூடாத சோறு

விடியற்காலை லோக்கலைப் பிடிப்பவர்களுக்கு 'ஒனிகிரி' என்ற சோற்று உருண்டை உதவும். கையிலேயே வைத்துச் சாப்பிடலாம். கரண்டி வேண்டாம், டப்பா கழுவும் வேலையும் இல்லை.

இதற்குப் புழுங்கலரிசி ஆகாது. பாசுமதியும் உதிர்ந்து போகும். புனே பக்கம் மாவல் பகுதியில் விளையும் இந்திராயணி பச்சரிசி, வெந்தால் ஒட்டிக்கொள்ளும். மும்பைக் கடைகளில் கிடைப்பதுதான். நன்றாகக் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் வேகவையுங்கள். கஞ்சியை வடிக்கக் கூடாது. உருண்டையை ஒட்டவைக்கும் பசை கஞ்சியில்தான் இருக்கிறது. பழக்கதோஷத்தில் வடித்துவிட்டால், அன்று குழம்பு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

கை பொறுக்கும் சூட்டில், உள்ளங்கையை நனைத்து உப்பைத் தடவிக்கொண்டு, ஒரு பிடி சோற்றை எடுங்கள். நடுவில் குழி செய்து, கொட்டை நீக்கிய வடுமாங்காய் ஒன்றை வைத்து மூடி, முக்கோணமாக அழுத்துங்கள். ஜப்பானியர் வைப்பது 'உமேபோஷி' என்ற புளிப்பான பழ ஊறுகாய். உப்பில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தியது. வடுமாங்காயில் கடுகும் காரமும் இருக்கும், அதில் இருக்காது. மற்றபடி சோற்றோடு சேரும் விதம் ஒன்றுதான். மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் நல்ல வடு கிடைக்கும்.

வறுத்த கறுப்பு எள்ளை உப்போடு நொறுக்கி மேலே தூவலாம். நம் எள்ளுப்பொடிதான், மிளகாயும் பருப்பும் இல்லாமல்.

உருண்டையை வாழை இலையில் கட்டுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அச்சு மை சோற்றில் ஒட்டும். காலையில் செய்ததை மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மும்பைப் புழுக்கத்தில் மாலை வரை தாங்காது.

தாளில் கிரீடம்

செய்தித்தாளுக்கு வேறு வேலை இருக்கிறது. ஜப்பானில் மே 5-ந் தேதி குழந்தைகள் தினம். அன்று பிள்ளைகள் செய்தித்தாளை மடித்து, போர்வீரர் தலைக்கவசம் செய்து போட்டுக்கொள்வார்கள். மே மாதம் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத வீடுகளில், இது ஒரு பிற்பகலை ஓட்டும்.

தாளைச் சதுரமாக வெட்டி, குறுக்காக மடித்து முக்கோணம் ஆக்குங்கள். நீளமான பக்கம் மேலே இருக்கட்டும். மேல் முனைகள் இரண்டையும் கீழ் முனைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சாய்சதுரம். கொண்டுவந்த அதே முனைகளைத் திரும்ப உச்சிக்கு மடித்து, நுனிகளை மட்டும் வெளிப்பக்கம் சாயுங்கள். கொம்பு வந்துவிட்டது. கீழே இரண்டு அடுக்கு இருக்கும். முன் அடுக்கை மேலே மடித்து, இன்னொரு முறையும் மடித்தால் விளிம்பு. பின் அடுக்கை உள்ளே செருகிவிடுங்கள்.

ஒற்றைப் பக்கத் தாளில் செய்தால் சின்னப் பிள்ளைகளின் தலைக்குச் சரியாக இருக்கும். இரட்டைப் பக்கத் தாள் என்றால், அப்பாவின் தலைக்கே கொஞ்சம் தொளதொளப்பாக நிற்கும்.