முகச் சுருக்கத்துக்கு ஆப்பிள் செல்லா, மனித செல்லா?

முகத்தில் முதல் சுருக்கம் விழுந்ததும் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்துப் பார்க்காதவர்கள் உண்டா? நரைக்குச் சாயம் இருக்கிறது. சுருக்கத்துக்கு அப்படி ஒரு சுலப வழி இல்லை. அந்த ஏக்கத்தை நம்பியே உலகம் முழுவதும் முகப்பூச்சு வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது.

பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களின் அழகுசாதனக் கடைகளில் சில ஆண்டுகளாக ஒரு பெயர் அடிபடுகிறது. "ஸ்டெம் செல்" என்பதே அது. இரண்டு விரல் உயர சீசா, விலையோ ஆயிரங்களில். ஒரு சீசாவின் மேல் ஆப்பிள் படம் இருக்கும். இன்னொன்றில் பனிமலைப் பூ. மூன்றாவதில் படமே இல்லாமல், மனித ஸ்டெம் செல்லிலிருந்து தயாரானது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். "அது செடி, இது மனுஷங்களுது. இதுக்குத்தான் பவர் ஜாஸ்தி" என்பது சில அழகு நிலையங்களில் தரப்படும் விளக்கம்.

மகள் கல்யாணச் செலவுப் பட்டியலில் இதுவும் ஒன்றாக ஏறிவிடுகிறது. பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். இதே சரக்கை ஊசியால் முகத்தில் ஏற்றுகிறோம் என்று சிலர் கிளம்பியிருப்பதுதான் கவலைக்குரியது. ஆகவே சீசாவுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

விதை நெல் போன்ற செல்

நம் உடம்பில் பெரும்பாலான செல்களுக்கு ஒரே வேலைதான். தசை செல் தசையாகவே இருந்து மடியும். ஸ்டெம் செல் அப்படியல்ல. தானும் பெருகும், வேறு வகைச் செல்களையும் பிறப்பிக்கும். விவசாயி உண்ணாமல் எடுத்து வைக்கும் விதை நெல்லைப் போன்றது என்று சொல்லலாம். தோலின் அடி வரிசையிலும் இத்தகைய செல்கள் உண்டு. அவை பிறப்பிக்கும் புதுச் செல்கள் மெல்ல மேலே வந்து, உலர்ந்து, உதிர்கின்றன. இளம் வயதில் இந்தச் சுற்றுக்குச் சுமார் 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதமும் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் குறைந்துகொண்டே வருகிறது. வெயில் இந்தக் குறைவை இன்னும் வேகப்படுத்துகிறது. சுருக்கம் விழுவது இதனால்தான்.

செடிகளின் சாமர்த்தியம் நம்முடையதைவிடப் பெரிது. ஒடித்து நட்ட முருங்கைக் கிளை மரமாவதை நாம் பார்த்திருக்கிறோம். 1902ல் ஆஸ்திரிய தாவர விஞ்ஞானி ஹேபர்லாண்ட், ஒரே ஒரு செல்லிலிருந்து முழுச் செடியை உண்டாக்க முடிய வேண்டும் என்று சொன்னார். அமெரிக்காவில் ஸ்டீவர்ட் என்பவர் 1958ல் காரட் செல்களைக் கொண்டு அதை நடத்திக் காட்டினார். 1964ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப் பையிலிருந்து கருக்களை வளர்த்து உலகையே வியக்க வைத்தார்கள். நம் நாட்டுச் சாதனை என்பதால் இதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

புளிப்பு ஆப்பிளுக்கு வந்த யோகம்

சுவிட்சர்லாந்தில் ஊட்விலர் ஸ்பாட்லாவ்பர் என்று ஒரு ஆப்பிள் வகை உண்டு. பறித்து வைத்தால் மாதக்கணக்கில் வாடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. பின்னர், புளிப்பாக இருக்கிறது என்று மக்கள் கைவிட்டார்கள். மிகச் சில மரங்களே எஞ்சின. மிபெல் என்ற சுவிஸ் நிறுவனம் அதைத் தேடிப் பிடித்தது. வாடாத பழத்தின் செல் வாடாத முகத்தைத் தரும் என்ற எண்ணம் விளம்பரத்துக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 2008ல் அதன் சாறு சந்தைக்கு வந்தது.

தயாரிப்பு முறை இதுதான். ஆப்பிளில் கீறல் போடுகிறார்கள். காயத்தை ஆற்றக் கிளம்பும் செல்களை எடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த நீரில் பெரிய கலன்களில் வளர்க்கிறார்கள். பிறகு உயர் அழுத்தத்தில் உடைத்துச் சாறாக்குகிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும். செல்கள் உடைக்கப்பட்டுவிடுகின்றன. சீசாவில் உயிருள்ள ஸ்டெம் செல் ஒன்றுகூட இல்லை. அப்படியே இருந்தாலும் ஆப்பிள் செல் ஆப்பிளைத்தான் உண்டாக்குமே தவிர, மனிதத் தோலை உண்டாக்காது. செடி செல்லுக்கும் நம் செல்லுக்கும் கட்டளைகள் போகும் பாஷையே வேறு.

இந்தச் சாற்றைப் பற்றி அதிகம் எடுத்துக் காட்டப்படும் சோதனை, தயாரித்த நிறுவனமே நடத்தியது. 20 பெண்கள் 4 வாரம் கண்ணோரத்தில் பூசிக்கொண்டதில் சுருக்கத்தின் ஆழம் 15 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். 20 பேர், 4 வாரம். கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரத்துக்கு இது போதுமான அஸ்திவாரமா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம். சாதாரண ஈரப்பசை க்ரீம் பூசினாலும் மெல்லிய கோடுகள் சில நாளில் மங்கித் தெரியும்.

அதற்காகச் செடி செல் வளர்ப்பே வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. மலைச்சரிவில் அருகிவரும் பூவைப் பறிக்காமலே அதன் சத்தைப் பெற முடிகிறது. ஜப்பானில் 1983ல் ஷிகோனின் என்ற செந்நிறப் பொருளை இப்படித்தான் கலன்களில் வளர்த்து எடுத்தார்கள். அது உதட்டுச் சாயத்துக்குப் போனது. புற்றுநோய் மருந்தான பாக்ளிடாக்ஸெலும் யூ மரத்தின் செல்களை வளர்த்துத் தயாராகிறது. செடிச்சாறுகளில் ஆக்சிஜன் சிதைவைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதும் உண்மை. க்ரீமுக்கு அவை நல்ல துணைச் சரக்கு. அதற்கு மேல் புகழ்வதற்கு ஆதாரம் போதாது.

மனிதச் சரக்கு

இனி மனித செல்லுக்கு வருவோம். கொழுப்பு உறிஞ்சும் அறுவையில் கழிக்கப்படும் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஊட்ட நீரில் வளர்க்கிறார்கள். அந்தச் செல்கள் தமக்குள் சேதி சொல்லிக்கொள்ள வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்களை நீரில் விடுகின்றன. பின்னர் செல்களை வடிகட்டி எடுத்துவிட்டு, அந்த நீரையே க்ரீமில் சேர்க்கிறார்கள். ஆக, இங்கேயும் ஸ்டெம் செல் கிடையாது; அது இருந்துபோன தண்ணீர்தான் இருக்கிறது. "மனித செல்" என்று விற்கும் சிலவற்றில் ஸ்டெம் செல்லுக்குப் பதில் சாதாரணத் தோல் செல் வளர்ந்த நீர் இருப்பதும் உண்டு.

இந்தச் சேதி மனிதத் தோலுக்குப் புரியும் பாஷையில் இருக்கிறது என்பது மறுக்க முடியாதது. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காகவே ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி மொன்டால்சினி இருவருக்கும் 1986ல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தோலின் மேல் அடுக்கு ஒரு கண்டிப்பான காவல்காரன். 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகளை அது எளிதில் உள்ளே விடுவதில்லை. கோஹன் கண்டுபிடித்த காரணியின் எடை சுமார் 6,000 டால்டன். மற்றவற்றில் பல இன்னும் கனமானவை. தந்தி சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் வாசற்கதவு பூட்டிக் கிடக்கிறது.

கதவைத் திறக்க வழி தேடியவர்கள் ஊசி உருளையையும் லேசரையும் கையில் எடுத்தார்கள். தோலில் நுண்துளை போட்டு மேலே இந்த நீரைத் தடவினால் ஓரளவு பலன் தெரிவதாகச் சிறு சோதனைகள் சில கூறுகின்றன. தேர்ந்த தோல் மருத்துவரின் கையில் நடந்தால் சரி. தெருமுனை அழகு நிலையத்தில் நடந்தால்? பூசுவதற்கென்று தயாரித்த சீசா, ஊசி மருந்தைப் போலக் கிருமி நீக்கப்பட்டதாக இராது. ஊசி உருளை ஓட்டிய முகத்தில் பூச்சுகளைத் தடவியதால் 3 பெண்களுக்கு முகத்தில் கட்டிகள் தோன்றியதை 2014ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. செல்கள் வெளிவிடும் எக்ஸோசோம் என்ற நுண்பைகளை அனுமதியின்றிச் செலுத்திய வகையில் நெப்ராஸ்கா மாநிலத்தில் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை அடுத்து, 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

கொடையாளியின் உடம்பில் மஞ்சள் காமாலைக் கிருமியோ எய்ட்ஸ் கிருமியோ இருந்ததா என்ற கேள்வியும் மனிதச் சரக்குக்கு உண்டு. ஆப்பிளுக்கு அந்தக் கேள்வி எழாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் மனித செல், திசு, அவற்றிலிருந்து கிடைக்கும் பொருள்கள் அனைத்தையும் தடை செய்திருக்கின்றன. தென்கொரியாவோ பாதுகாப்பு நிபந்தனைகளுடன் மனித செல் வளர்ப்பு நீரை அனுமதிக்கிறது. ஒரே சீசா சியோலில் அலங்காரப் பொருள், பாரிசில் தடைப் பொருள்! தோல் புற்றுநோய் வந்தவர்கள் வளர்ச்சிக் காரணிப் பூச்சுகளைத் தொடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வளரச் சொல்லும் சேதி எந்தச் செல்லுக்குப் போகும் என்று யார் கண்டது?

சட்டம் சொல்வது

நம் நாட்டு 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டப்படி, அழகுசாதனம் என்பது தடவுவது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்ற வகையில் உடம்பின் மேல் பயன்படுத்துவது. ஊசியால் உள்ளே செலுத்தினால் அது அழகுசாதனம் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் கண்டிப்பானவை. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சை நீங்கலாக, நோயாளிக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை அனுமதி பெற்ற சோதனையில் மட்டுமே செய்யலாம் என்கின்றன. அப்படிப்பட்ட சோதனைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவது முறையல்ல. "முகத்துக்கு ஸ்டெம் செல் ஊசி, இவ்வளவு ரூபாய்" என்று பலகை கண்டால் வாசலோடு திரும்பிவிடலாம்.

அப்படியானால் சுருக்கத்துக்கு எதுதான் உதவும்? ஆஸ்திரேலியாவின் நம்போர் ஊரில் 903 பேரைக் கொண்டு நாலரை ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2013ல் வெளியானது. தினமும் வெயில் காப்புக் க்ரீம் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. 1980களில் அமெரிக்க மருத்துவர் கிளிக்மன் ஆராய்ந்த டிரெட்டினாயின் களிம்பு, மெல்லிய சுருக்கங்களைக் குறைப்பது பல சோதனைகளில் உறுதியானது. நம் ஊர் மருந்துக் கடையில் அது சில நூறு ரூபாய்தான். ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும். கர்ப்பிணிகள் பூசக் கூடாது.

அப்படியும் ஸ்டெம் செல் சீசாதான் வேண்டும் என்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்குகளை அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். "ஃப்ரூட் செல் கல்ச்சர் எக்ஸ்ட்ராக்ட்" என்றால் பழச் செல் சாறு. "கண்டிஷன்ட் மீடியா" என்றால் செல் வளர்ந்த நீர். அது பட்டியலின் தலையில் இருக்கிறதா, வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் கடைசியில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், பெங்களூருவாசிகள் விக்டோரியா, பௌரிங் அரசு மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் காட்டிக் கேட்கலாம்.