மண்ணுரிமையும் நீர்முறையும்: ஜேடர்பாளையம் முதல் சாவகம் வரை

ஓர் ஊரின் உடைமை நிலையை அறிய விரும்புவோர் முதற்கண் அவ்வூர்ப் பட்டாவையும் அடங்கலையும் நோக்குவர். ஆயின் நெல் விளையும் ஊரில் உடைமை என்பது மண்ணொன்றால் அமைவதன்று. மண், நீர், உழைப்பு ஆகிய மூன்றும் கூடியே அமைவது. இம்மூன்றனுள் ஏட்டில் ஏறியது எது, ஏறாதது எது என்பதைக் காவிரிக்கரை ஊராகிய ஜேடர்பாளையத்தை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒப்புமைக்குச் சாவக நாட்டு நெல்லூர்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சாவகம் தமிழ் மாணவர்க்குப் புதிய பெயரன்று. மழையின்றி வாடிய அந்நாட்டின் பசி தீர்க்கப் புறப்பட்டவன் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன். இடைவழியில் மணிபல்லவத்தில் உயிர்நீத்து, பின்னர் அந்நாட்டிலேயே பிறந்து அரசனானவனும் அவனே. நெல்லையும் பசியையும் நீரையும் ஒருங்கே எண்ணும்போது அந்நாட்டை எண்ணுதல் தமிழ் மரபிற்கு இயைந்ததேயாகும்.

1. ஊரும் பெயரும்

ஜேடர்பாளையம் நாமக்கல் மாவட்டத்தில், ஈரோட்டிற்குக் கீழே காவிரியின் இடக்கரையில் அமைந்துள்ளது. சேலம் மாவட்டத்தினின்று நாமக்கல் மாவட்டம் பிரிந்தது 1997ஆம் ஆண்டில். ஊர்ப்பெயரின் முற்பகுதி நெசவுத் தொழிலைச் சுட்டுவது எனக் கொள்ள இடமுண்டு. 'ஜேடர' என்னும் கன்னட அடை நெசவாளரைக் குறிப்பது. வசனங்கள் பாடிய ஜேடர தாசிமய்யாவின் பெயர் இதற்குச் சான்று. தமிழில் 'சேடர்' என்னும் சொல்லும் நெசவாளரைக் குறித்து வழங்குகின்றது. 'பாளையம்' படை தங்கும் இடத்தையும், அதன்வழிக் குடியிருப்பையும் குறிக்கும். எனவே இன்று வேளாண்மையால் அறியப்படும் இவ்வூர், பெயரளவில் வேறொரு தொழிலின் தடத்தைத் தாங்கி நிற்கின்றது.

2. நீர்

ஆற்றின் குறுக்கே இங்குள்ள அணையும், அதினின்று பிரியும் இராசா வாய்க்காலுமே இவ்வட்டாரத்தின் உயிர்நாடி. அணை கட்டியவர் அல்லாள இளைய நாயகர் என்னும் குறுநிலத் தலைவர் என்பது இவ்வட்டார மரபு. குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் ஆகியவற்றோடு சேர்ந்து இவ்வமைப்புப் பரமத்தி வேலூர், மோகனூர் வட்டாரங்களை வளப்படுத்துகின்றது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், ஆற்றின் வரத்து மேட்டூர்த் திறப்பைச் சார்ந்ததாயிற்று.

நீரைப் பற்றிய சொற்களை நோக்குக: மடை, மதகு, வாய்க்கால், கரை, முறை, தலைமடை, கடைமடை. இவை யாவும் தமிழ்ச் சொற்கள். இவற்றுள் 'முறை' என்பது தனித்துக் கருதத்தக்கது. அது வரிசையையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். தலைமடையான் தன் வயல் நிறைந்தபின் மடையை அடைக்க வேண்டும் என்பது எந்தப் பட்டாவிலும் எழுதப்படவில்லை. அவன் அடையாவிடின் கடைமடையான் நிலம், பட்டா இருந்தும் தரிசாகும்.

3. நிலம்

நிலத்தைப் பற்றிய சொற்கள் இதற்கு மாறானவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில உரிமையைக் குறிக்கும் சொல்லாகக் 'காணி' பயில்கின்றது. இன்று ஊரில் கேட்பவையோ பட்டா, சிட்டா, தாலுகா, ஜமாபந்தி, மிராசு என்பன. வடமொழி வழியாகவும் அரபு, பாரசீகம் வழியாகவும் வந்தவை. ஆட்சி மாறுந்தோறும் உடைமையின் பெயர் மாறியது. நீரின் பெயர் மாறவில்லை.

இப்பெயர் மாற்றத்தில் சேலம் பகுதிக்குச் சிறப்பிடம் உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்பாரும் அவர்தம் துணைவர் தாமசு மன்றோவும் நிலங்களை அளந்து, உழவனிடமே தீர்வை உறுதி செய்யும் முறையை இங்கு வகுத்தனர். பின்னர் மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோது (1820–1827) பரவிய இரயத்துவாரி முறைக்கு இதுவே விளைநிலம். இடையில், 1802ஐ ஒட்டி, சேலம் மாவட்ட நிலங்கள் மிட்டாக்களாகப் பகுக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டதும் உண்டு. அவற்றுட் பல நிலைக்கவில்லை. எஞ்சிய ஜமீன் உரிமைகளை முடிவுக்குக் கொணர்ந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டம்.

4. சாவகத்துடன் ஒப்பீடு

சாவகத்தின் நிலவரலாறு நம்முடையதினின்று முற்றும் வேறன்று. 1811இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றினர். ராபிள்சின் ஆட்சியில் அங்கு நில உரிமையை ஆய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் காலின் மெக்கன்சி; தமிழ் ஓலைகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டிய அதே மெக்கன்சியாவார். 1814 முதல் உழவர் ஒவ்வொருவரிடமும் தீர்வை கொள்ள ராபிள்சு முயன்றார். ஆயின் ஊர்த்தலைவர் வழியன்றி வரி தண்டுதல் அங்கு எளிதாக இல்லை. 1830இல் டச்சுக்காரர் கட்டாயப் பயிர்முறையைக் கொணர்ந்து, ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்கச் செய்தனர்.

சாவக ஊர் 'தேசா' எனப்படும். நம் 'தேசம்' என்னும் சொல்லே அது. நன்செய் வயல் 'சாவா' எனப்படும். பல ஊர்களில் வயலின் பங்கு ஊர்க்குடிகளிடையே முறைவைத்து மாற்றப்பட்டது. ஊர்த்தலைவர்க்குச் சம்பளத்திற்கு ஈடாக விடப்பட்ட நிலம் 'பெங்கோக்'. நம் ஊர்ப்பணியாளர்க்கு விடப்பட்ட மானிய நிலத்தோடு இஃது ஒப்பிடத்தக்கது. அறுவடையில் பெண்கள் 'அனி-அனி' என்னும் சிறு கத்தியால் கதிர்கொய்து, கொய்ததில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றனர். அப்பங்கு 'பாவோன்' எனப்படும். நம் களத்திலும் அறுவடைக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. 1970களில் சாவகத்தில் விளைச்சலை வயலிலேயே வணிகர்க்கு விற்கும் வழக்கம் பரவவே, கொய்வோர் தொகை குறைந்தது, அரிவாள் வந்தது, பங்கு சுருங்கியது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத அவ்வுரிமை மறைந்தபோது, மறைந்ததற்கும் ஏடில்லை.

5. ஏட்டில் ஏறாதோர்

1955ஆம் ஆண்டுக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பயிர்செய்யும் குத்தகையாளனைக் காத்தது. அவ்வுரிமையைப் பதிவு செய்ய 1969இல் தனிச்சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டு உச்சவரம்பு 30 தர ஏக்கர். 1970இல் அது 15 ஆயிற்று. இந்தோனேசியாவும் 1960இல் அடிப்படை நிலச்சட்டத்தையும் வாரச் சட்டத்தையும் இயற்றியது. எனினும் வாரத்திற்கோ குத்தகைக்கோ நிலம் பெறாது, கூலிக்கு நாற்று நட்டுக் களையெடுத்துக் கதிரறுத்தவர்க்கு இச்சட்டங்கள் பெரிதும் எட்டவில்லை. வாய்க்காலைத் தூர்வாரிய கையும், நட்ட கையும் உழவின் பெரும்பகுதி. உடைமை ஏட்டிலோ அவை இல்லை.

பெண்கள் நிலையும் அத்தகையதே. மகன்களுக்குச் சமமாக மகள்களும் பிறப்பால் குடும்பச் சொத்தில் பங்குபெறத் தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டம் வழிசெய்தது. இந்தியா முழுமைக்கும் 2005இல். அதற்கு முன்னரே மணமானவர் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனைப் பெறவில்லை. சுமத்திராவின் மினாங்கபாவு மக்களிடையே வயல் தாய்வழியே இறங்குகின்றது. அம்முதுசொத்திற்கு 'ஹர்த்தா புசாகா' என்பது பெயர். 'ஹர்த்தா' என்பது வடமொழி 'அர்த்த'த்தின் திரிபே. சொல் ஒன்றாயினும், அதனைப் பெறுவார் வேறு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். நிலத்தின் உரிமை ஆட்சியாளர் சொற்களால் எழுதப்பட்டது. நீரின் உரிமை ஊரார் சொற்களால் பேசப்பட்டது. உழைப்பின் உரிமை பெரும்பாலும் எழுதவும் படவில்லை.

இன்று ஜேடர்பாளையத்து வாய்க்கால்கள் நெல்லுக்கு மட்டும் பாய்வன அல்ல; கரும்பும் வாழையும் வெற்றிலையும் தென்னையும் அந்நீரை உண்கின்றன; கரும்பாலைகளில் வெல்லம் காய்கின்றது. நெற்களம் அருகுமிடத்துக் களத்துச் சொற்களும் அருகும். பட்டா அரசின் பெட்டகத்தில் காக்கப்படும்; மடைமுறையும் களத்துக் கூலியும் முதியோர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. ஆய்வு மாணவர் கல்வெட்டுக் காணியை ஆராயும் அதே உழைப்போடு இவ்வாய்மொழிச் சொற்களையும் தொகுப்பாராயின், ஏட்டில் இடம்பெறாத உழவர்க்குத் தமிழாராய்ச்சி ஓர் ஏட்டை அளித்ததாகும்.