உதவித்தொகை மட்டும் போதுமா?

பணி ஓய்வுக்குப் பின், எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் வாரம் ஒருநாள் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அங்கு ஒரு மாணவி, கொடுத்த கணக்குகளைப் பத்து நிமிடங்களில் முடித்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் வெறுமனே அமர்ந்திருப்பாள். அந்நேரத்தில் அவள் கற்றிருக்கக்கூடியதை இழக்கிறாள். பொருளியலில் இதனை 'வாய்ப்புச் செலவு' என்போம்.

இத்தகையோரைக் கண்டறிய வழி உண்டு. 2008-இல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகைத் திட்டத்தின்கீழ், எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேர்வில் தகுதி பெறும் ஏழை மாணவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 வழங்கப்படுகிறது. வறுமையால் படிப்பு நின்றுவிடாமல் காக்கும் நல்ல திட்டம் இது. ஆனால், அத்தொகை அவளது பாடத்தை மாற்றுவதில்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம், 12, 13 வயதுச் சிறாரைக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வை எழுதச் செய்தது. அத்துடன் நில்லாமல், சிறந்து விளங்கியோருக்கு விரைவுக் கணித வகுப்புகளையும் நடத்தியது. கண்டறிவது பாதிப் பணி, கற்பிப்பதே மீதி.

சிறப்பு வகுப்புகள் ஏற்றத்தாழ்வை வளர்க்கும் என்பர் சிலர். வசதி படைத்தோர் பிள்ளைகள் கட்டணம் செலுத்தி அத்தகைய பயிற்சியை ஏற்கெனவே பெறுகின்றனர். அரசுப் பள்ளியில் அதனை மறுப்பது சமத்துவம் ஆகாது.

ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்பிலிருந்தே சனிக்கிழமை சிறப்பு வகுப்புகளைத் தொடங்கலாம். விருப்பமுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கைகொடுப்பர். அந்த மாணவியின் எஞ்சிய நேரம் இனியும் வீணாகக் கூடாது.