லாரி இன்ஜினைப் பிரிச்சா பில் எகிறுவது ஏன்? வேலைக்கு விடும் முன் ஓனர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்குத் தோலும் கெமிக்கலும் வருவது, அங்கிருந்து ஷூ சரக்கு சென்னை துறைமுகத்துக்குப் போவது எல்லாமே பெரும்பாலும் லாரியில்தான். ஒரே ஒரு லாரியை நம்பி இருக்கும் ஓனருக்கு இன்ஜின் வேலை வந்தால் வருமானமே நின்றுவிடும். அதிலும் பட்டறையில் முதலில் சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வரும் பில் வேறு. காரணம் என்ன?

புகை வந்தாலே இன்ஜின் வேலையா?

இல்லை. கரும்புகை என்றால் டீசல் சரியா எரியலைன்னு அர்த்தம். ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போவைப் பார்த்தாலே சரியாகலாம். நீலப்புகை வந்து, ஆயிலும் அடிக்கடி குறைந்தால் ரிங்ஸ், லைனர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் டர்போ சீல் போனாலும் இதே அறிகுறி வரும். அதனால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீங்க.

செலவு எங்கே ஏறுது?

கிராங்க் ஷாஃப்ட்டில்தான். ஹெட் வேலை, பிஸ்டன், ரிங்ஸ், லைனர் செலவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிடலாம். கிராங்க் எவ்வளவு தேய்ந்திருக்கு என்பது கழற்றி அளந்தால்தான் தெரியும். வழக்கமாக 0.25 மி.மீ. அளவு படிகளில் அதைக் கிரைண்டிங் செய்து, அதே அளவுக்கு ஏற்ற பேரிங் போடுவார்கள். கம்பெனி சொன்ன கடைசி அளவையும் தாண்டி தேய்ந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ புது கிராங்க்தான். பில் எகிறும் இடம் இதுதான்.

லைனர் இல்லாத இன்ஜின்களும் உண்டு. 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின் அந்த வகை. அதில் பிளாக்கையே போரிங் செய்து, பெரிய சைஸ் பிஸ்டன் போடணும்.

ஜிஎஸ்டி குறைந்ததால் லாபமா?

ஆமா. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18% ஜிஎஸ்டி. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28% இருந்தது. அப்படிப்பட்ட பாகங்களை 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கினால், வரியில் மட்டும் 10,000 ரூபாய் மிச்சம்.

பில்லில் வராத செலவு

லாரி நிற்கும் நாட்கள். உதாரணத்துக்கு மாத இ.எம்.ஐ. 45,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 நாள் நின்றால் 30,000 ரூபாய் வருமானமே இல்லாமல் போகும். வாடகை இழப்பு தனி. அதனால் பாகங்கள் கையில் இருக்கா என்று கேட்டுவிட்டு லாரியை விடுவது நல்லது.

பிஎஸ்6 லாரியா?

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்6 லாரிகளில் புகைக்குழாய் ஃபில்டரும் உண்டு. ஆயில் எரியும் இன்ஜினைத் தள்ளிப்போட்டு ஓட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும். செலவு இரட்டிப்பாகும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

* கிராங்க், போர் அளவுகளை எழுதி வாங்குங்க.
* கிராங்க் கிரைண்டிங்கா, புதுசா என்று முடிவான பிறகே மொத்த எஸ்டிமேட் கேளுங்க.
* கழற்றிய பழைய பாகங்களையும், புதுப் பாகங்களின் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்க.
* ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஆயில் கூலரையும் பார்க்கச் சொல்லுங்க. ஆம்பூரில் இருந்து பெங்களூரு போகும் லாரி 500 மீட்டருக்கு மேல் உயரம் ஏறணும். கூலிங் சரியில்லைன்னா புது பிஸ்டனும் தாங்காது.
* வேலை முடிந்ததும் முழு லோடு ஏற்றாதீங்க. முதல் ஆயில் மாற்றத்தை எத்தனை கிலோமீட்டரில் செய்யணும் என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அதைத் தவறவிடாதீங்க.