உற்பத்தியாளர் நிறுவனக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள்

விவசாயிகள் கூடி நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குத்தொகை, உரக்கடன், கொள்முதல் பட்டுவாடா யாவும் இன்று கணிப்பொறியில் பதிவாகின்றன. அந்தக் கணக்கு அழிந்தால், விளைபொருளுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்க அத்தாட்சி இராது. ஆகவே தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நிர்வாகக் குழுவினர் கவனம் செலுத்த வேண்டும்.

எது ஏற்றது?

ஒரே கணிப்பொறியில் ஒருவரே பதிவு செய்வதாயின் எஸ்கியூலைட் போதும். இதற்குத் தனி சர்வர் தேவையில்லை. கணக்கு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். எடைமேடை, உரக்கிடங்கு, அலுவலகம் என 3 இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் பதிவு செய்வதாயின் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி ஏற்றது. இம்மூன்றுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது, பராமரிப்பவருக்கே செலவு. எனவே பக்கத்தில் கிடைக்கும் ஆளுக்கு எது பழக்கமோ அதையே தேர்ந்தெடுக்கலாம்.

இணையத் தொடர்பு

உறுப்பினர்கள் கைபேசியில் கணக்குப் பார்க்க வலைப்பக்கம் அமைக்கலாம். ஆனால் தரவுத்தளத்தை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432, மரியாடிபி 3306 என்ற எண்ணுள்ள வாயிலில் இயங்கும். வெளியார் நுழையாதபடி இவற்றை மூடி, வலைப்பக்க மென்பொருள் மட்டும் அணுகும்படி செய்ய வேண்டும். சர்வர் அலுவலகத்திலேயே இருந்தால், இணையம் நின்றாலும் கொள்முதல் பதிவு நிற்காது. மின்வெட்டைச் சமாளிக்க யுபிஎஸ் அவசியம்.

நகல் எடுத்தல்

தினமும் மாலையில் நகல் எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கவும். விதைநெல்லை முளைப்புத்திறன் பார்த்து விதைப்பதுபோல, மாதம் ஒருமுறை நகலை வேறு கணிப்பொறியில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். சோதிக்காத நகலை நம்பலாகாது.